இலையிலிருந்து எழுத்து வரிசை வரை: தாவர டிஎன்ஏவை ஆய்வகத்தில் படிப்பது எப்படி?

தாவர டிஎன்ஏ ஆய்வு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, டிஎன்ஏவின் வரிசையைப் படிக்கும் விலையுயர்ந்த சீக்வென்சிங் இயந்திரம்தான். உண்மையில் இந்த வேலையிலேயே சுலபமான இடம் அதுதான். சுத்தமான மாதிரியை உள்ளே வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். சிரமமெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது: எந்த இலையைப் பறித்தீர்கள், எப்படிக் காயவைத்தீர்கள், எப்படி அரைத்தீர்கள் என்பதில். விலங்குத் திசுவில் டிஎன்ஏ எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லையில் பாதிகூட இல்லை. செடியின் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் நிற்கிறது. உள்ளே மாவுச்சத்தும் பிசினும் துவர்ப்புப் பொருட்களும் இருக்கின்றன, எல்லாமே டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் இந்த வழிகாட்டியிலும் ஆரம்பக் கட்டங்களுக்குத்தான் அதிக இடம்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

செடியின் ஒரு செல்லில் டிஎன்ஏ மூன்று இடங்களில் இருக்கிறது: உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா. எதைப் படிப்பது என்பதை உங்கள் கேள்விதான் தீர்மானிக்கும்.

"இது என்ன செடி?", "இதற்கு நெருங்கிய சொந்தம் எது?" என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் பசுங்கணிக டிஎன்ஏ போதும். அது வட்டமான சிறிய டிஎன்ஏ. பெரும்பாலான நிலத்தாவரங்களில் 1,20,000 முதல் 1,60,000 எழுத்துகள் வரை நீளம். எழுத்து என்று நான் சொல்வது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதிக் காரங்களை. ஒரு இலைச் செல்லில் பசுங்கணிகங்கள் பல, ஒவ்வொன்றிலும் இந்த டிஎன்ஏவின் பிரதிகள் பல. எனவே நைந்துபோன பழைய இலையில்கூட ஏதாவது ஒரு துண்டு கைக்குக் கிடைத்துவிடும்.

ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் பசுங்கணிகம் தாய்ச்செடி வழியாக மட்டுமே வருகிறது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் நேர்மாறு, மகரந்தம் வழியாக வரும். எப்படியானாலும் ஒரு பக்கத்துக் கதை மட்டும்தான். கலப்பினச் செடி ஒன்றின் இரு பெற்றோரையும் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உட்கரு டிஎன்ஏவுக்குப் போயே ஆகவேண்டும்.

அங்கே அளவு ஒரு பிரச்சினை. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்குச் சுமார் 13.5 கோடி எழுத்துகள். நெல்லுக்கு ஏறத்தாழ 39 கோடி. மனிதனுக்கு 300 கோடி. கோதுமைக்கோ சுமார் 1,600 கோடி! நியூ கலிடோனியாவில் வளரும் டிமெசிப்டெரிஸ் ஒப்லான்சியோலாட்டா என்ற பெரணி வகையில் 16,000 கோடி எழுத்துகள் இருப்பதாக 2024இல் அறிவித்தார்கள். செடியின் உருவத்துக்கும் அதன் மரபணுத் தொகுதியின், அதாவது மொத்த டிஎன்ஏவின், நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. செலவுக்கு மட்டும் நிறையச் சம்பந்தம் உண்டு. முழு மரபணுத் தொகுதியையும் படிக்கப்போகிறீர்கள் என்றால், இந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் திட்டம் போடாதீர்கள்.

இலை பறித்தல்

இளம் இலையைப் பறியுங்கள். அப்போதுதான் விரிந்து, இன்னும் முற்றாத இலை. அதில் செல்கள் சிறியவை. எனவே அதே எடைக்கு அதிக செல்கள், அதிக டிஎன்ஏ. துவர்ப்புப் பொருட்களும் பெரும்பாலும் இன்னும் அதிகம் சேர்ந்திருக்காது. பூச்சி அரித்ததும், பூஞ்சைப் புள்ளி விழுந்ததும், பாசி படிந்ததும் வேண்டாம். அவற்றின் டிஎன்ஏவும் சேர்ந்து வந்து பின்னால் குழப்பும். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். பச்சை இலையில் 100 மில்லிகிராம், காய்ந்த இலையில் 20 மில்லிகிராம் போதும்.

பறித்த நொடியிலிருந்து இலைக்குள் இருக்கும் நொதிகள் டிஎன்ஏவை நறுக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்க இரண்டு வழிகள். ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைக்கலாம். காட்டில் அது நடக்காது. அங்கே சிலிக்கா ஜெல்தான் கைகொடுக்கும். இலையைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, அதன் எடையைப் போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா உள்ள பையில் போட்டு மூடுங்கள். ஒரு நாளுக்குள் இலை நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட வேண்டும். நிறம் மாறும் மணிகளைக் கொஞ்சம் கலந்து வைத்தால் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்ததுமே தெரியும். மெதுவாகக் காய்ந்த இலை பழுப்பாகும், அதில் டிஎன்ஏவும் துண்டு துண்டாகப் போயிருக்கும்.

இலை மட்டும் பறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். அதே செடியின் ஒரு கிளையைப் பூவோடோ காயோடோ அழுத்திக் காயவைத்து, எண் போட்டு, ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு உங்கள் முடிவை யாராவது சந்தேகித்தால் அவர் கேட்கப்போவது அந்த மாதிரியைத்தான். அது இல்லாத டிஎன்ஏ வரிசைக்கு என் பார்வையில் பாதி மதிப்புதான். அனுமதியும் முக்கியம். 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்குப் பிறகு, வேறொரு நாட்டின் செடியை ஆய்வுக்கு எடுப்பதென்றால் பல நாடுகளில் முன் ஒப்புதல் கட்டாயம்.

அரைத்துப் பிரித்தல்: டிஎன்ஏவை வெளியே எடுப்பது

பல ஆய்வகங்கள் இன்றும் நம்புவது, சிடிஏபி என்ற வேதிப்பொருளைக் கொண்டு டிஎன்ஏ எடுக்கும் முறையை. 1987இல் டாயில் இணையர் என்ற ஆய்வாளர்கள் எளிமைப்படுத்தி வெளியிட்ட வடிவம்தான், சின்னச் சின்ன மாற்றங்களோடு, உலகம் முழுக்கப் புழங்குகிறது.

முதலில் அரைப்பது. பீங்கான் கல்வத்தில் இலையைப் போட்டுத் திரவ நைட்ரஜனை ஊற்றுங்கள். அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. கனமான கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, காற்றோட்டம் இல்லாத சிறிய அறையில் திறக்கவும் கூடாது. நைட்ரஜன் கொதித்து அடங்கியதும் இலை விறைத்திருக்கும். குழவியை வைத்து அழுத்தினால் சடசடவென்று உடையும். வெளிர்பச்சைப் பொடியாகும்வரை விடாமல் அரைக்க வேண்டும். பொடி திடீரெனக் கரும்பச்சையாகி ஓரத்தில் ஈரம் தட்டினால் அது உருக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். உடனே இன்னும் கொஞ்சம் நைட்ரஜன் ஊற்றுங்கள். நூற்றுக்கணக்கில் மாதிரி இருந்தால் இரும்பு மணிகள் போட்டுக் குலுக்கும் இயந்திரம் இருக்கிறது. காய்ந்த இலைக்கு அதுதான் வசதி.

அப்புறம் 65 டிகிரிக்குச் சூடாக்கிய பஃபர் கரைசலில் பொடியைக் கலக்க வேண்டும். வழக்கமான கலவை: சிடிஏபி 2 சதவீதம், உப்பு, அதாவது சோடியம் குளோரைடு 1.4 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு), ஈடிடிஏ 20 மில்லிமோலார், பிஎச்சை மாறாமல் வைக்கும் டிரிஸ் 100 மில்லிமோலார், பிஎச் 8. இதைச் சமையல் குறிப்பாக மனப்பாடம் செய்வதைவிட, எது எதற்கு என்று புரிந்துகொள்வது நல்லது. ஏதாவது தவறும்போது எதை மாற்றலாம் என்று அப்போதுதான் தெரியும்.

சிடிஏபி ஒரு சோப்பு வகை. செல்லின் சவ்வுகளை அது கரைக்கும். உப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உப்பு சுமார் 0.7 மோலாருக்குக் கீழே இறங்கினால் சிடிஏபி டிஎன்ஏவையே பிடித்துக்கொண்டு படிந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் டிஎன்ஏ கரைசலிலேயே நிற்கும். ஈடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிஎன்ஏவை நறுக்கும் நொதிகளுக்கு மக்னீசியம் வேண்டும் என்பதால் அவை முடங்கிப்போகும். நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலையை உடைக்கும்போதும் அதே வேதிவினைதான். துவர்ப்புப் பொருட்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் பஃபரில் கூடுதலாகப் பிவிபி என்ற பாலிமரையும், பீட்டா மெர்கேப்டோ எத்தனால் என்ற திரவத்தையும் சேர்ப்பது. பின்னது நச்சு, நாற்றமும் தாங்காது. புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, பயன்படுத்துவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும்.

65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். இடையிடையே டியூபை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள், வேகமாகக் குலுக்க வேண்டாம். டிஎன்ஏ மிக நீண்ட இழை, குலுக்கினால் அறுந்துபோகும்.

அடுத்து குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24க்கு 1 என்று கலந்ததைச் சம அளவு ஊற்றி, கலந்து, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுற்ற வேண்டும். வெளியே எடுத்தால் டியூபுக்குள் மூன்று அடுக்கு தெரியும். அடியில் பச்சையமும் கொழுப்பும் கரைந்த கரும்பச்சை, நடுவில் புரதமும் சக்கையும் சேர்ந்த வெள்ளை ஏடு, மேலே தெளிந்த நீர். டிஎன்ஏ மேலே இருக்கிறது. பைப்பெட்டை மேல்மட்டத்தில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கடைசிச் சொட்டுவரை எடுக்க ஆசைப்பட்டால் வெள்ளை ஏடும் சேர்ந்து வரும். கொஞ்சம் விட்டுவிடுவதே லாபம்.

எடுத்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனால் சேர்த்து மெல்லத் திருப்புங்கள். நல்ல மாதிரியென்றால் இரண்டு திரவங்களும் சேரும் இடத்தில் வெண்மையான நூல்கள் சுருண்டு வருவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் இந்த நிமிடம் அலுப்பதில்லை. சிலசமயம் லேசான கலங்கல் மட்டும் தெரியும், அதுவும் போதும். பழுப்புநிறப் படிவு வந்தால் துவர்ப்புப் பொருள் ஒட்டியிருக்கிறது. வழவழவென்று கூழாக வந்தால் சர்க்கரைப் பொருட்கள். இந்த இரண்டுக்கும் மருந்து, இளம் இலையோடு மறுபடி ஆரம்பிப்பதுதான். பழுப்புக்குப் பிவிபியைக் கூட்டலாம், கூழுக்கு உப்பைக் கூட்டலாம்.

படிவை 70 சதவீத எத்தனாலில் கழுவி உப்பைப் போக்கி, எத்தனால் வாடை போகும்வரை மட்டும் உலரவிட்டு, 50 முதல் 100 மைக்ரோலிட்டர் டிஇ பஃபரில் (டிரிஸும் ஈடிடிஏவும் கலந்தது) கரையுங்கள். கூடவே வந்த ஆர்என்ஏவை நீக்க ஆர்என்ஏஸ் நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள்.

இவ்வளவு எதற்கு, டிஎன்ஏ எடுக்கத் தயாராக விற்கும் கிட் வாங்கினால் முடிந்ததே என்று கேட்கலாம். சரிதான், சாதாரண இலைகளுக்கு கிட்டே போதும், குளோரோஃபார்ம் தொல்லையும் இல்லை. ஆனால் கற்றாழை, வெண்டை, கள்ளி மாதிரி வழவழப்பான செடிகளில் கிட்டின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது சிடிஏபிதான் கதி.

தரம் பார்த்தல்

அகரோஸ் ஜெல் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் பாய்ச்சி டிஎன்ஏவை ஓட்டிப் பார்ப்பது முதல் சோதனை. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, எனவே நேர்மின்முனையை நோக்கி நகரும். சிறிய துண்டு வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். ஜெல்லின் மேல்பகுதியில் இறுக்கமான ஒரே பட்டை தெரிந்தால் டிஎன்ஏ முழுசாக இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை இழுவிய கறை என்றால் உடைந்திருக்கிறது. ஆனால் உடைந்ததெல்லாம் வீண் என்று தூக்கி எறிய வேண்டாம். சில நூறு எழுத்துகளைப் படிக்கும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் நீள வாசிப்புக்குத்தான் உதவாது.

அடுத்தது ஒளி உறிஞ்சல். 260, 280 நானோமீட்டர் அலைநீள ஒளியை மாதிரி எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவீடுகளின் விகிதம் 1.8ஐ ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் புரதம். தாவரக்காரர்கள் இதைவிட உற்றுப்பார்க்க வேண்டியது 260, 230 விகிதத்தை. அது 2க்கு வெகுவாகக் கீழே போனால் சர்க்கரையோ துவர்ப்புப் பொருளோ உப்போ மிச்சமிருக்கிறது. ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி ஆர்என்ஏவையும் டிஎன்ஏ என்றே எண்ணும். சரியான அளவு வேண்டுமென்றால் டிஎன்ஏவில் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு அளக்கும் ஃப்ளோரோமீட்டரை நம்புங்கள்.

பிசிஆர்: தேவையான துண்டைப் பெருக்குதல்

1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய முறை இது, 1993இல் வேதியியல் நோபல் பெற்றது. சுமார் 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரு இழைகளும் பிரியும். 50 முதல் 60 டிகிரிக்குள் பிரைமர் என்ற சிறு துண்டுகள் தங்கள் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் டாக் நொதி புது இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. 30 சுற்றில் ஒரு பிரதி, கணக்குப்படி, நூறு கோடியைத் தாண்டிவிடும். இவ்வளவு சூட்டையும் தாங்கும் டாக் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்த தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது.

பெருக்கியதை ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது பட்டை வரவில்லை என்றால் பலரும் உடனே டிஎன்ஏவை அதிகமாகப் போடுவார்கள். தாவரத்தில் இது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். டிஎன்ஏவோடு ஒட்டிவந்த மாசுதான் நொதியை முடக்குகிறது, அதிகம் போட்டால் மாசும் அதிகமாகும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பட்டை வந்துவிடும். கொஞ்சம் பிஎஸ்ஏ புரதம் சேர்ப்பதும் உதவும், அந்த மாசை அது தன்மேல் இழுத்துக்கொள்ளும்.

டிஎன்ஏவே சேர்க்காத ஒரு டியூபும் எப்போதும் கூடவே ஓடவேண்டும். அதில் பட்டை தெரிந்தால் அன்றைய முடிவு எதையும் நம்பக்கூடாது.

எந்தத் துண்டைப் படிப்பது?

விலங்குகளை இனம் காண மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற ஒரே மரபணு பெரும்பாலும் போதுமானது. செடிகளில் அது எடுபடாது. தாவர மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் மிக மெதுவாகத்தான் மாறுகின்றன. எனவே வெவ்வேறு இனங்களிலும் வரிசை ஒன்றாகவே இருந்துவிடும். நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2009இல் ஆர்பிசிஎல், மேட்-கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களைச் சேர்த்து நிலத்தாவரங்களின் பார்கோடாகப் பரிந்துரைத்தார்கள். ஆர்பிசிஎல் எல்லாச் செடியிலும் எளிதில் பெருகும், ஆனால் நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டாது. மேட்-கே நன்றாகப் பிரிக்கும், ஆனால் பிரைமர் பல குடும்பங்களில் ஒட்டாது. ஒன்றின் குறையை மற்றது ஓரளவு சரிக்கட்டுகிறது.

உட்கருவிலிருந்து பலர் எடுப்பது ஐடிஎஸ் என்ற பகுதியை. வேகமாக மாறும், நெருங்கிய இனங்களைப் பிரிக்கும், பெற்றோர் இருவரின் பங்கும் அதில் இருக்கும். ஆனால் இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைக்கும் ஐடிஎஸ் உண்டு. பொதுப் பிரைமரைப் போட்டால் செடியை விட்டுவிட்டுப் பூஞ்சையைப் பெருக்கிக் கொடுத்துவிடும். எனவே தாவரத்துக்கென்றே வடிவமைத்த பிரைமரைப் பயன்படுத்துங்கள்.

வரிசையைப் படித்தல்

ஒரே ஒரு துண்டுக்கு 1977இல் வந்த சாங்கர் முறையே இன்றும் போதும். ஒரு ஓட்டத்தில் 700 முதல் 900 எழுத்துகள் கிடைக்கும். இயந்திரம் தருவது நான்கு நிறச் சிகரங்கள் கொண்ட ஒரு வரைபடம். எழுத்துக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வரைபடத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் உண்டு. அது பெரிய தவறு. முதல் முப்பது, நாற்பது எழுத்துகளும் கடைசிப் பகுதியும் கலங்கலாக இருக்கும், அவற்றை வெட்டிவிடுங்கள். தர மதிப்பெண் 20 என்றால் நூறில் ஒரு எழுத்து தவறாக வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. நடுவில் ஒரே இடத்தில் இரண்டு நிறச் சிகரங்கள் சம உயரத்தில் நின்றால் கவனியுங்கள். உட்கரு டிஎன்ஏவில் அது கலப்பினத்தின் அடையாளமாக இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே எல்லா இடத்திலும் இரட்டைச் சிகரம் என்றால் பெரும்பாலும் இரண்டு மாதிரிகள் கலந்துவிட்டன.

முழு மரபணுத் தொகுதிக்கு வேறு இயந்திரங்கள். இலுமினா வகை, 150 எழுத்து நீளத் துண்டுகளைக் கோடிக்கணக்கில் தரும். பேக்பயோ, நானோபோர் வகை இயந்திரங்கள் பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும். திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் தாவரங்களில் ஏராளம் என்பதால், குறுந்துண்டுகளை மட்டும் வைத்து ஒட்டினால் எது எங்கே என்று தெரியாமல் போகும். அராபிடாப்சிஸ் வரிசை 2000இலேயே முடிந்தபோதும், மூன்று ஜோடித் தொகுதிகளைச் சுமக்கும் கோதுமைக்கு நல்ல தரத்தில் ஒரு வரிசை 2018இல்தான் கிடைத்தது. பணம் குறைவாக இருந்தால், குறைந்த ஆழத்தில் மேலோட்டமாகப் படித்தாலே பசுங்கணிக வட்டம் முழுசாகக் கிடைக்கும். இந்த வழியை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஒப்பிடுதல்

கிடைத்த வரிசையை ஜென்பேங்க் தரவுத்தளத்தில் பிளாஸ்ட் கருவி மூலம் தேடலாம். 99 சதவீதப் பொருத்தம் என்று வந்ததும் செடியின் பெயர் தெரிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். உங்கள் செடியின் வரிசையை இதுவரை யாருமே பதிவேற்றாமல் இருந்திருக்கலாம், அப்போது அதன் ஒன்றுவிட்ட சொந்தம்தான் முதலிடத்தில் வரும். பதிவேற்றியவர் பெயரைத் தவறாகப் போட்டிருக்கவும் கூடும். முதல் இருபது முடிவுகளையாவது பாருங்கள், ஹெர்பேரிய எண் உள்ள பதிவுகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

உறவுமுறை வேண்டுமென்றால் பல இனங்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மரவரைபடம் வரைய வேண்டும். தூரத்து உறவான ஒரு இனத்தையும் சேர்த்தால்தான் மரத்தின் வேர் எங்கே என்று தெரியும். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு நம்பகமானது என்று நூற்றுக்குக் காட்டும் பூட்ஸ்ட்ராப் மதிப்பு கிடைக்கும். அது 70க்குக் கீழே இருந்தால் அந்தக் கிளையை வைத்து எதையும் வாதாடாதீர்கள்.

இந்த முறை எவ்வளவு புரட்டிப்போட்டது என்பதற்குத் தாமரையே சாட்சி. பூவையும் இலையையும் குளத்தையும் பார்த்துத் தாமரையை அல்லியோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். 1993இல் 499 விதைத் தாவரங்களின் ஆர்பிசிஎல் வரிசைகளை ஒப்பிட்ட பெரிய ஆய்வு உட்பட, அக்காலத்து டிஎன்ஏ ஆய்வுகள் வேறு கதை சொல்லின. தாமரைக்கு நெருங்கிய சொந்தம் தரையில் மரமாக நிற்கும் பிளேன் மரமும், புரோட்டியா என்ற பூச்செடியும்தான். அல்லியோ பூக்கும் தாவரங்களின் மரத்தில் மிக முன்பே பிரிந்த கிளை. 1998இல் வெளியான, பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி வகைப்பாடு இத்தகைய முடிவுகளின் மேல்தான் எழுந்தது.

ஒரு மரபணு என்ன செய்கிறது?

வரிசை தெரிந்தாலும் வேலை தெரியாது. அதற்கு மரபணுவை முடக்கிப் பார்க்க வேண்டும், இப்போது பெரும்பாலும் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு. அல்லது அது இல்லாத செடியில் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். முடக்கியதும் பண்பு போய், திரும்பக் கொடுத்ததும் பண்பு வந்தால்தான் அந்த மரபணுவின் பொறுப்பு உறுதி.

நெல்லின் சப்1ஏ என்ற மரபணு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகம் இரண்டு வாரம்வரை வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கும். காரணமான மரபணுவை 2006இல் அறிவித்தார்கள். வெள்ளம் தாங்காத நெல்லில் அதைச் செலுத்தியபோது அந்த நெல்லும் தாங்கியது. மூழ்கியதும் மேலே வர அவசரப்பட்டு வளர்ந்து சேமிப்பைக் கரைக்காமல், செடியை அடங்கியிருக்க வைப்பதுதான் இதன் வேலை. பிறகு இதை ஸ்வர்ணா என்ற பிரபலமான ரகத்துக்குக் கொண்டுவர மரபணு மாற்றம்கூடத் தேவைப்படவில்லை. வழக்கம்போல் மகரந்தம் சேர்த்து, ஒவ்வொரு தலைமுறை நாற்றிலும் சிறு இலைத்துணுக்கை எடுத்துப் பிசிஆர் செய்து, சப்1ஏ அடங்கிய சப்1 பகுதி வந்திருக்கும் நாற்றை மட்டும் அடுத்த கலப்புக்கு வைத்துக்கொண்டார்கள். எந்த நாற்று தாங்கும் என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் வயலை மூழ்கடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.